கசிகிறது என்றால் காலி என்று பொருளில்லை: பக்கவாதத்துக்குப் பின் சிறுநீர் கட்டுப்படாமல் போவது ஏன்?

சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வீடு. நாற்பது ஆண்டு பட்டுத்தறியில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு வலது கையும் காலும் விழுந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வீடு தேடிச் சென்று இயன்முறைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் உள்ளே போனபோது மருமகள் அன்றைக்கு மூன்றாவது முறையாக விரிப்பை அலசிக்கொண்டிருந்தார். "நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கிறது சார். மாமாவுக்குத் தண்ணீர் கொடுப்பதைக் குறைத்துவிட்டோம். அப்படியும் நிற்கவில்லை. கிட்னி போய்விட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்" என்றார். பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாங்கள் பேசுவது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

அவருடைய அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே இளநீர்க் காய் போல உருண்டு இறுகியிருந்தது. அன்று மாலையே மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர் கழித்த பிறகும் 700 மில்லிக்கு மேல் உள்ளே தேங்கி நின்றது. நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தவரின் சிறுநீர்ப்பை கழுத்து வரை நிரம்பிக் கிடந்திருக்கிறது. ஐந்து வாரம் அவர் பட்ட வேதனையைச் சொல்ல அவருக்குப் பேச்சும் வரவில்லை.

பக்கவாதம் வந்த வீடுகளில் கை எப்போது தூக்குவார், எப்போது நடப்பார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிறுநீரைப் பற்றி வாசலில் செருப்பு மாட்டும்போதுதான், அதுவும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அதற்குள் "வயதானால் அப்படித்தான்", "வேண்டுமென்றே செய்கிறார்", "டயபர் கட்டிவிட்டால் தீர்ந்தது" என்று ஊரே தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்புகளைக் கலைக்க எழுதப்பட்டது. மருத்துவம் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளலாம்.

மேட்டூரில் ஒருவர் கேட்ட கேள்வி

மேட்டூர் அணையில் மதகுகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குச் சில மாதங்கள் பயிற்சி கொடுத்தேன். இடது பக்கம் பாதிக்கப்பட்டிருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. சிறுநீர் கட்டுப்படவில்லை என்பதை வெட்கப்படாமல் முதல் நாளே சொன்னவர் அவர் ஒருவர்தான். சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டார்: "தம்பி, ஷட்டர் கெட்டுவிட்டதா, கம்பி வழியாகத் தகவல் வரவில்லையா, இல்லை உத்தரவு போடுகிற இடத்திலேயே கோளாறா? இது தெரியாமல் நாங்கள் அணையில் ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டோம்."

சிறுநீர்ப் பிரச்சினையில் யாரும் கேட்காத, ஆனால் எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவர் காட்டிய அணையை வைத்தே தொடங்குகிறேன்.

மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. நீர் வர வர மட்டம் ஏறுகிறது. அங்கே இருப்பவர்கள் அளவைப் பார்த்து மேலே தகவல் அனுப்புகிறார்கள். குறுவைக்கு வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். நீர் இருக்கிறது என்பதற்காக மதகடியில் நிற்கும் ஊழியர் தன் விருப்பப்படி திறந்துவிடுவதில்லை. சென்னையிலிருந்து உத்தரவு வர வேண்டும். வந்த பிறகு அணையின் கட்டுப்பாட்டு அறை ஏற்பாடு செய்கிறது. கடைசியில்தான் ஊழியர் ஷட்டரைத் தூக்குகிறார்.

மூன்று இடங்கள்: உத்தரவு போடும் தலைமை, ஏற்பாடு செய்யும் அறை, தூக்கும் கை. நம் உடம்பிலும் இப்படி மூன்று இடங்கள் இருக்கின்றன.

பை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கிட்னி என்று நாம் சொல்லும் சிறுநீரகங்கள் இரண்டும் விலா எலும்புகளின் கீழ் விளிம்பில், முதுகுப் பக்கமாக இருக்கின்றன. ரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரை உண்டாக்குவது அவற்றின் வேலை. பொதுவாக ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை உண்டாகும். அது இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக இறங்கி அடிவயிற்றில் இருக்கும் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. அணைக்குத் தண்ணீர் தரும் மலைக்காடு சிறுநீரகம் என்றால், அணை சிறுநீர்ப்பை. பக்கவாதத்துக்குப் பிறகு சிறுநீர் கசிந்தால் "கிட்னி போய்விட்டது" என்று சொல்வது, மதகு ஒழுகினால் குடகு மலையில் மழை நின்றுவிட்டது என்று சொல்வதற்குச் சமம்.

சிறுநீர்ப்பையின் சுவர் முழுவதும் தசையால் ஆனது. நிரம்பும்போது இந்தத் தசை தளர்ந்து இடம் கொடுக்கிறது, கழிக்கும்போது இறுகிப் பிழிந்து தள்ளுகிறது. பையின் வாயில் வளையம் போன்ற தசை இருக்கிறது. பாட்டியின் இடுப்பில் தொங்கும் சுருக்குப்பையின் வாயை நாடா இழுத்துக் கட்டுவது போல இது வாயை மூடி வைக்கிறது. இதற்குச் சுருக்குத்தசை என்று பெயர். இதில் உள்வளையம் தானாக இயங்கும், வெளிவளையம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும். இவற்றையெல்லாம் கயிற்றுக் கட்டிலின் பின்னல் போலக் கீழிருந்து தாங்கும் தசைகளை இடுப்புத்தளத் தசைகள் என்கிறோம்.

ஆக, பிழியும் தசை ஒன்று, மூடும் தசை ஒன்று. ஒன்று இறுகும்போது மற்றது தளர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இறுகினால் சிறுநீர் வராது, இரண்டும் தளர்ந்துவிட்டால் தேங்காது. இந்த ஒத்திசைவு தானாக வருவதில்லை, ஒருவர் நடத்தி வைக்க வேண்டியிருக்கிறது.

உத்தரவு எங்கிருந்து வருகிறது

பையில் 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் சுவர் சற்று விரியும். அந்தச் செய்தி நரம்புகள் வழியாக முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்குப் போகிறது. இந்த இடம்தான் மதகடியில் நிற்கும் ஊழியர். பை விரிந்தால் பிழி என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். நேரம், இடம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாது.

அங்கிருந்து செய்தி மேலே ஏறி மூளைத்தண்டுக்குப் போகிறது. மூளை கீழே ஒடுங்கி முதுகுத்தண்டோடு சேரும் காம்புப் பகுதி இது. பையைப் பிழியச் சொல்லி, அதே நொடியில் சுருக்குத்தசையைத் தளரச் சொல்லும் கட்டுப்பாட்டு அறை இங்கே இருக்கிறது. பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பூனைகளை ஆராய்ந்து இந்த இடத்தை 1925-ல் சுட்டிக்காட்டினார். மேட்டூரில் அணை கட்டத் தொடங்கியதும் அதே ஆண்டுதான் என்று அந்த மேட்டூர்க்காரரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல் என்ற மூளைப்பகுதி இருக்கிறது. தலைமைச் செயலகம் இதுதான். "இப்போது பஸ்ஸில் இருக்கிறோம், அடிவாரம் போய்ச் சேரட்டும், பொறு" என்று சொல்வது இது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நம்மால் அடக்கிக்கொண்டு கடக்க முடிகிறது என்றால், முன்மடல் நொடிக்கு நொடி கீழே "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 400, 500 மில்லி வரைகூட அந்தத் தடை உத்தரவு நிற்கும்.

கைக்குழந்தைக்கு முன்மடலின் பிடி இன்னும் வரவில்லை. பை நிரம்பியதும் கீழ்மட்டம் வேலையை முடித்துவிடுகிறது. இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் தலைமையின் பிடி மெல்ல மெல்லக் கைகூடுகிறது. யாரும் நினைவில் வைத்திருக்காத பருவத்தில் நாம் கற்றுக்கொண்ட வித்தை இது. கற்றதை மறந்துவிட்டதால்தான், அது ஒருவரை விட்டுப் போகும்போது "இதுகூடவா தெரியாது" என்று கேட்கத் தோன்றுகிறது.

இதுவரை பார்த்தது இதுதான். பை ஓர் அணை. முதுகுத்தண்டின் அடி ஊழியர், மூளைத்தண்டு கட்டுப்பாட்டு அறை, முன்மடல் தலைமை. தலைமையின் பெரும்பாலான உத்தரவு "இப்போது வேண்டாம்" என்பதே.

பக்கவாதம் எதைக் கெடுக்கிறது

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ, ரத்தம் கிடைக்காத மூளைப்பகுதி செயலிழப்பதைப் பக்கவாதம் என்கிறோம். பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. கையை ஆளும் இடம் பாதிக்கப்பட்டால் கை விழுகிறது, பேச்சை ஆளும் இடம் பாதிக்கப்பட்டால் பேச்சு போகிறது. அதுபோலவே முன்மடலோ, அங்கிருந்து கீழே இறங்கும் நரம்புப் பாதையோ பாதிக்கப்பட்டால் தடை உத்தரவு போய்ச் சேருவதில்லை. கையில் புடைப்பும் காயமும் தேடாத நாம், சிறுநீர்ப்பையில் மட்டும் நோயைத் தேடுகிறோம். பை பெரும்பாலும் முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது.

இது அரிதானதும் இல்லை. பக்கவாதத்தோடு மருத்துவமனையில் சேர்பவர்களில் 100-க்கு 40 முதல் 60 பேருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. வீடு திரும்பும்போது ஏறத்தாழ 25 பேருக்கு. ஓராண்டு முடிவில் ஏறத்தாழ 15 பேருக்கு. இந்த எண்களை நான் போகும் எல்லா வீடுகளிலும் சொல்கிறேன். ஏனென்றால் "இனி இப்படித்தான்" என்று முதல் மாதத்திலேயே முடிவு கட்டிவிட்ட வீடுகளில் அதற்குப் பிறகு யாரும் முயல்வதில்லை.

ஒரே ஈரம், வெவ்வேறு காரணம்

விரிப்பு நனைந்திருப்பதைப் பார்த்து எந்த வகை என்று சொல்ல முடியாது. ஆனால் வகையைப் பொறுத்துச் செய்ய வேண்டியது தலைகீழாக மாறும்.

பக்கவாதத்தின் தொடக்க வாரங்கள் கடந்த பிறகு அதிகம் காணப்படுவது அவசர உந்தல். தடை உத்தரவு இல்லாததால், பை பாதி நிரம்பும் முன்பே கீழ்மட்டம் பிழியத் தொடங்கிவிடுகிறது. "வருகிறது" என்று சொல்லும் முன்பே வந்துவிடும். அடிக்கடி போக வேண்டியிருக்கும், இரவிலும் பலமுறை எழ வேண்டியிருக்கும். இது சோம்பலோ பிடிவாதமோ கிடையாது. அவருக்கு உணர்வு வருவதற்கும் சிறுநீர் வருவதற்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லாமல் போயிருக்கலாம்.

அடுத்தது, அம்மாப்பேட்டையில் நான் பார்த்த வகை. நிரம்பி வழிதல். இதைத்தான் ஊர் முற்றிலும் தவறாகப் புரிந்துகொள்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். பக்கவாதம் வந்த முதல் நாட்களில் சிலருக்குப் பை அதிர்ச்சியில் உறைந்தது போல ஆகிவிடும். பிழியவே பிழியாது. சிறுநீர் சேர்ந்துகொண்டே போகும். மேட்டூரில் மட்டம் 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற நீரை அப்படியே பதினாறு கண் மதகு வழியாக உபரியாக வெளியேற்றுவார்கள். வெளியே வெள்ளம் போகிறது, உள்ளே அணை நிறைந்திருக்கிறது. சிறுநீர்ப்பையிலும் இதேதான். மேலிருந்து வரும் ஒவ்வொரு துளிக்கும் கீழே ஒரு துளி வழிகிறது. பார்ப்பவருக்கு "நிற்காமல் போகிறது" என்று தோன்றும். உண்மையில் போகவே இல்லை.

உறைந்த பை பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ விழித்துக்கொள்ளும். ஆனால் வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டால் தேக்கம் நீளும். ஆண்களுக்கு வயதில் பெருக்கும் புராஸ்டேட் சுரப்பி வழியை நெருக்கலாம். நீண்டகாலச் சர்க்கரை நோய் பையின் நரம்புகளை மழுங்கடித்திருக்கலாம். மலச்சிக்கலில் இறுகிய மலம் பையை அழுத்தலாம். சளிக்கும் தும்மலுக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை பை பிழிவதைத் தடுக்கலாம். தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும், அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதலில் சரியாக இருந்த கிட்னி, கவனிக்காமல் விட்டதால் பிறகு கெடுவது இப்படித்தான்.

இருமினால், தும்மினால், எழுந்து நின்றால் மட்டும் சொட்டுவது வேறொரு வகை. இடுப்புத்தளத் தசைகளின் தளர்ச்சி இது. பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பக்கவாதத்துக்கு முன்பே இருந்திருக்கும், இப்போது கூடியிருக்கும்.

மூளையின் பாதிப்பு பெரிதாக இருந்தால் நனைந்த உணர்வே சிலருக்கு வராது. இவர்களுக்குக் குணம் மெதுவாகத்தான் தெரியும். குடும்பம் இவர்களிடம் கோபப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே வலிக்கிறது. தெரியாத ஒன்றுக்கு அவர் எப்படி மன்னிப்புக் கேட்பார்?

ஆகவே கசிவு என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும், பை சீக்கிரம் பிழிவது ஒன்று, பிழியாமலே நிரம்பி வழிவது ஒன்று. முதலாவதற்குத் தரும் மாத்திரையை இரண்டாவது வகைக்காரருக்குக் கொடுத்தால் சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளக்கூடும்.

முதலில் செய்ய வேண்டிய ஒரு சோதனை

அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கழித்த பிறகு பைக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? இதற்கு எஞ்சிய சிறுநீர் என்று பெயர். கழித்துவிட்டு வந்ததும் அடிவயிற்றில் சாதாரண ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். வலி இல்லை, ஊசி இல்லை. 50 மில்லிக்குள் என்றால் பை நன்றாகக் காலியாகிறது. 200-ஐத் தாண்டினால் காலியாகவில்லை. இடைப்பட்ட அளவை வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். கூடவே சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கிருமித் தொற்று மட்டுமே காரணமாக இருந்து, அதைக் குணப்படுத்தியதும் கசிவு நின்ற வீடுகளும் உண்டு.

சேலம் நகரத்தில் இருப்பவர்கள் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைப் பயிற்சியும் அதில் கிடைக்கிறது. வருபவர்களிடம் சிறுநீரைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கழிவறை எத்தனை அடி தூரம்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டி. பேத்திதான் பார்த்துக்கொண்டாள். "அம்மாயிக்கு வருவது தெரிகிறது அண்ணா, ஆனால் போவதற்குள் ஆகிவிடுகிறது" என்றாள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கழிவறை வீட்டுக்கு வெளியே, ஒன்பது படி கீழே. கைப்பிடி கிடையாது. மார்கழிப் பனியில் படிகள் ஈரமாக வழுக்கும். நல்ல காலோடு நான் இறங்கவே பயந்தேன்.

அந்தப் பாட்டியின் பை ஓரளவு சரியாகவே வேலை செய்தது. அவர் தோற்றது ஒன்பது படிகளிடமும் புடவைக் கட்டிடமும். ஒரு கையால் புடவையைத் தூக்கி, ஒரு காலால் படி இறங்கி, ஒரு நிமிட அவகாசத்துக்குள் போய்ச் சேர யாரால் முடியும்? கட்டிலுக்குப் பக்கத்தில் நடுவில் துளையுள்ள கழிப்பு நாற்காலி ஒன்றை வைத்தோம். புடவைக்குப் பதிலாக நைட்டி. இரவில் ஒரு சின்ன விளக்கு. ஒரு வாரத்தில் நனைவது பெருமளவு குறைந்தது. ஆண்களுக்கு வேட்டி வசதி. பேண்ட் போட்டே பழகியவர் என்றால் பொத்தானை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைக்கலாம். கட்டிலருகே கைக்கெட்டும் பக்கத்தில், அதாவது நன்றாக இருக்கும் கைப்பக்கத்தில், சிறுநீர்க் குவளை வைக்கலாம். பக்கவாதத்தில் சிலருக்கு ஒரு பக்கத்தில் இருக்கும் பொருள் கண்ணிலேயே படாது. அந்தப் பக்கம் வைத்த குவளை இல்லாத குவளைதான்.

பேச்சு போனவர் எப்படிச் சொல்வார்? ஒரு மணியோ கைதட்டலோ ஏற்பாடு செய்யுங்கள். அது முடியாதவர்கள் காலை அசைப்பார்கள், துணியைப் பிடித்து இழுப்பார்கள், முகம் மாறும். இரண்டு நாள் கூர்ந்து கவனித்தால் அந்த மொழி பிடிபட்டுவிடும்.

இரவில் அவசரமாக எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் துணிக்கும் மெத்தைக்கும் முன்பாக, வழியைத்தான் சரிசெய்ய வேண்டும்.

தண்ணீரைக் குறைப்பது தவறு

நனைகிறது என்றதும் எல்லா வீட்டிலும் முதலில் எடுப்பது தண்ணீர்ச் சொம்பை. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி பையின் உட்சுவரை உறுத்தும். உறுத்தினால் பை இன்னும் சீக்கிரம் பிழியும். மலம் இறுகும், கிருமி பெருகும். சேலத்துச் சித்திரை வெயிலில் உடம்பும் வறளும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் அளவு விதித்திருந்தால் அந்த அளவு. மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டரைக் காலையிலும் மதியத்திலும் பிரித்துக் கொடுத்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளலாம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு மட்டும், தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. மருத்துவர் சொன்ன பதத்தில்தான் அவர்களுக்குத் தர வேண்டும்.

காப்பி, டீயில் இருக்கும் காஃபீன் பையைத் தூண்டும். இதை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் போய்ச் சொல்வது கடினம்தான். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காப்பி விளையும் மண் அது. முழுக்க நிறுத்தச் சொல்வதில்லை. காலையில் ஒன்று போதும், மாலைக்குப் பிறகு வேண்டாம் என்கிறேன். குளிரிலும் சிறுநீர் அதிகம் வரும். மலை வீடுகளில் இரவுக்கு ஒரு கம்பளி கூடுதலாக இருந்தால் நல்லது.

பலர் கவனிக்காத இன்னொன்று கால் வீக்கம். பகல் முழுக்க நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கணுக்காலில் நீர் சேரும். இரவு படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்க வைத்தால், இரவில் வர வேண்டியதில் ஒரு பகுதி மாலையிலேயே வந்துவிடும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் காலையில் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காலண்டர் தாளில் ஒரு கணக்கு

நாட்காட்டியில் கிழித்த தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தில் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு கழித்தார், எப்போது நனைந்தது. அளக்க ஒரு அளவுக் குவளை போதும். மூன்று நாளில் ஓர் ஒழுங்கு தெரிய வரும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நனைகிறது என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் போங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். நேரம் வைத்துக் கழிக்க வைத்தல் என்ற இந்த எளிய முறை, அவசர உந்தல் உள்ளவருக்கு நல்ல பலன் தருகிறது. போய்விட்ட தலைமை உத்தரவுக்குப் பதிலாகக் கடிகாரம் உத்தரவு போடுகிறது.

நனையாமல் சில நாட்கள் போனால், இடைவெளியைப் பதினைந்து நிமிடம் கூட்டிப் பாருங்கள். பை மெல்லப் பழகும். புரிந்து செய்யக்கூடியவர்கள் இடுப்புத்தளத் தசைகளையும் பயிற்றலாம். காற்று பிரிவதை அடக்குவது போல உள்ளிழுத்து ஐந்து நொடி பிடித்து விட வேண்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பார்க்கக் கூடாது.

நனையாத நாளில் "இன்றைக்கு நன்றாக இருந்தது மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நனைந்த நாளில் ஒன்றும் சொல்லாமல் துணியை மாற்றுங்கள்.

குழாய், டயபர், மாத்திரை

மருத்துவமனையில் டியூப் என்று சொல்லும் வடிகுழாய், பைக்குள் செலுத்திச் சிறுநீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாய். நிரம்பி வழிபவருக்கு அது உயிர்காப்பு. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி ஏற வாய்ப்புக் கூடுகிறது. ஒரு வீட்டில், மருத்துவமனையிலிருந்து வரும்போது போட்டிருந்த குழாய் நான்கு மாதமாக அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டால், எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்றார்கள். அவர்கள் கேட்கவும் இல்லை. எடுத்துப் பார்த்தபோது பெரியவரால் தானே கழிக்க முடிந்தது! குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால், எதற்காகப் போட்டீர்கள், எப்போது எடுத்துப் பார்ப்பீர்கள் என்று இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழாய் இருக்கும் வரை, அதன் முனையில் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுங்கள், தரையில் படக் கூடாது. நோயாளியைப் புரட்டும்போது அதை அவர் வயிற்றின் மேல் தூக்கி வைத்தால் சிறுநீர் திரும்ப உள்ளே போகும்.

டயபர் பயணத்துக்கும் இரவுக்கும் நல்ல துணை. பகல் முழுக்க ஒன்றையே கட்டி வைத்தால் தோல் வெந்து புண்ணாகும், கழிவறைக்குப் போகும் பழக்கமும் மறந்துபோகும். ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் உறைக்குழாய் ஒரு வழி.

அவசர உந்தலுக்கு மாத்திரைகள் இருக்கின்றன. சிலவற்றில் வாய் வறளும், மலம் இறுகும், முதியவர்களுக்குக் குழப்பமும் வரலாம். வேறு சிலவற்றில் ரத்த அழுத்தம் ஏறலாம். எஞ்சிய சிறுநீரை அளக்காமல் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிக் கொடுக்கவே கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகாமல் அடிவயிறு உப்பி வலித்தால், குளிர்க்காய்ச்சல் வந்தால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முகம் புதிதாகக் கோணினாலோ, கை புதிதாகத் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது இரண்டாவது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.

மற்ற நாட்களில் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் காலண்டர் தாள்களையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கை எப்போது தூக்குவார் என்ற கேள்விக்கு முன்னால், "கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அம்மாப்பேட்டைப் பெரியவருக்கு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினோம். தேங்கியதை வடித்து, மலச்சிக்கலைச் சரிசெய்து, மூன்று வாரம் கழித்துக் குழாயை எடுத்தார்கள். அடுத்த முறை நான் போனபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, இடது கையால் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.